தலை இறங்கிவிட்டதா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். சரிங்கண்ணா என்று ஒத்துக்கொண்டேன். நான் பேச வந்திருப்பது பிரசவத்தைப் பற்றி. முன் வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு லேபர் வார்டில் என்ன வேலை என்றுதானே? சொல்கிறேன்.

என் வேலை வெல்டிங் பரிசோதனை. நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரிகள் எத்தனை ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அந்த டேங்கர், பாய்லர், பிரஷர் வெசல் இவற்றின் வெல்டிங் இணைப்புக்குள்ளே விரிசல் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். கையடக்கமான ஒரு புரோப், கொஞ்சம் ஜெல், ஒரு பெட்டி. ஒலி உள்ளே போகும், விரிசலில் மோதித் திரும்பும். திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் குறை இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். இரும்புக்குப் பதிலாக மனித உடம்பு என்றால் ஒலியின் வேகம் மட்டும் மாறுகிறது. உடம்பின் மென்திசுவில் விநாடிக்கு சுமார் 1540 மீட்டர். பத்து சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப சுமார் 130 மைக்ரோ செகண்ட். கணக்கு ஒன்றேதான்.

இதை நான் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. சரித்திரமே அப்படித்தான். 1955ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறுப் பேராசிரியராக இருந்த டாக்டர் இயன் டொனால்ட், தாம் அறுவை செய்து எடுத்த சினைப்பைக் கட்டிகளையும் கர்ப்பப்பைக் கட்டிகளையும் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் கூடவே போனது. அங்கே பாய்லர் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவியை எடுத்துக் கட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, கெட்டிக் கட்டிக்கு வேறு மாதிரி. கொஞ்ச நாளில் கெல்வின் அண்ட் ஹ்யூஸ் கம்பெனியிலிருந்து டாம் பிரவுன் என்ற இருபத்து சொச்சம் வயது இன்ஜினியர் அவரோடு சேர்ந்தார். 1958ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளையை உலகம் பார்க்க ஆரம்பித்த கதை இதுதான். டாக்டர் பெயரைச் சொல்பவர்கள் பலர். பிரவுன் பெயரை இன்ஜினியர்களாகிய நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது லேபர் வார்டுக்கு வருவோம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் மாமியாரும் நர்ஸம்மாவைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங், தலை எறங்கிருச்சுங்களா?" என்பதுதான். பிரசவத்தின் முழு கணக்கும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துத்தான் காத்திருப்பதா, வேக்குவம் வைத்தோ ஆயுதம் போட்டோ எடுப்பதா, சிசேரியனா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்கிறார்கள். மூன்றையும் அளக்கும் கருவி, இரண்டு விரல்.

விரலைக் குறைத்துச் சொல்லவில்லை. அனுபவப்பட்ட விரலுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் அளவு கருவி என்று வந்துவிட்டால் அதன் பிழை எவ்வளவு என்று கேட்பது நம் தொழில் தர்மம். பிரான்ஸில் லியோன் நகரத்தில் மகப்பேறு டாக்டர்களும் இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்களும் சேர்ந்து ஒரு பிரசவப் பொம்மை செய்தார்கள். இடுப்பெலும்பு, தலை, தலைக்குள் சென்சார். தலை உண்மையில் எந்த சென்டிமீட்டரில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். டாக்டர்களை விரலால் தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். 2005ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி டாக்டர்கள் பாதிக்கு மேற்பட்ட தடவை தவறாகச் சொன்னார்கள். மூத்தவர்களின் பிழையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். தலை இடுப்பெலும்பின் குறுகலைத் தாண்டிவிட்டதா இல்லையா என்பதே அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. தாண்டாத தலைக்கு வேக்குவம் வைத்து இழுத்து, வராமல், அதன்பிறகு சிசேரியனுக்கு ஓடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் அது மிக மோசமான வழி. தாண்டி ஆழத்தில் சிக்கிய தலையை மேலே வயிற்றைக் கிழித்து எடுப்பதும் லேசானதல்ல. கர்ப்பப்பை கிழிந்து ரத்தம் கொட்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வலி நீண்டுகொண்டே போனால் பிள்ளையின் உச்சந்தலையில் நீர் கோத்து வீங்கிவிடும். விரலுக்கு முதலில் தட்டுப்படுவது அந்த வீக்கம். தலை கீழே வந்துவிட்ட மாதிரி தோன்றும். எலும்பு இன்னும் மேலேயே நிற்கும். இதில்தான் ஒலிக்கு வசதி. அது வீக்கத்தைத் தாண்டிப் போய் மண்டையோட்டில் மோதித் திரும்புகிறது.

அளப்பது எப்படி? இரண்டு வழி. முதல் வழியில் புரோபை உறையிட்டு, தாயின் தொடைகளுக்கு நடுவே வெளிப்பக்கமாக நிமிர்த்தி வைக்கிறார்கள். உள்ளே எதுவும் நுழைவதில்லை. திரையில் இடுப்பின் முன்பக்க எலும்பு இணைப்பு ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் கீழ் முனையிலிருந்து பிள்ளையின் மண்டையோட்டைத் தொட்டுச் செல்லும் ஒரு தொடுகோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் கணக்கு. முன்னேற்றக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ வடிவியல்! தலை இறங்க இறங்கக் கோணம் விரியும். 116 டிகிரி என்றால் தலை நடுக்கோட்டில், டாக்டர்கள் பாஷையில் ஸ்டேஷன் ஜீரோ. அதற்கு மேல் சுமார் பத்து டிகிரிக்கு ஒரு சென்டிமீட்டர். 2009ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று, சின்ன ஆய்வுதான், கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்தும் நெடுநேரம் பிள்ளை வராத பெண்களை எடுத்துக்கொண்டது. பிள்ளையின் பின்தலை முன்பக்கம் திரும்பியிருந்து, கோணமும் 120ஐத் தாண்டியிருந்தால், பத்துக்கு ஒன்பது பேருக்கு தானாகவோ சுலபமான வேக்குவத்திலோ பிள்ளை பிறந்துவிடும் என்று கணக்குச் சொன்னது.

இரண்டாவது வழி இன்னும் எளிது. புரோபைக் குறுக்காக வைத்துக் கொஞ்சம் அழுத்தி, தோலிலிருந்து மண்டையோடு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பது. நார்வே நாட்டுக்காரர்கள் இதில் முன்னோடிகள். முதல் பிரசவத்தில் வலி நீண்டுகொண்டு போகும் பெண்களில், இந்தத் தூரம் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இயல்பான வழியிலேயே பெற்றார்கள். சிலருக்கு வேக்குவம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 50ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷனில் போய் முடிந்தார்கள். இந்த இரண்டாவது வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்ப வருவேன்.

2018ல் மகப்பேறு அல்ட்ராசவுண்டுக்கான சர்வதேச சங்கம் இதற்கென்று வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டது. பிரசவம் தேங்கி நிற்கும்போதும், ஆயுதம் போடுவதற்கு முன்பும் பார்க்கலாம் என்கிறது. எல்லோருக்கும் கட்டாயம் பார் என்று சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவியைப் பார்த்ததும் மயங்குவது நம்மவர்களுக்கு வழக்கம். 2014ல் அயர்லாந்து ஆஸ்பத்திரிகளில் ஆயுதம் போடுவதற்கு முன் பாதிப் பேருக்கு ஸ்கேன் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு விரல் மட்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் விரல் நூற்றுக்கு இருபது தடவை தப்பியது. ஸ்கேன் இரண்டு தடவைகூடத் தப்பவில்லை. அபாரம் இல்லையா? ஆனால் தாய்க்கோ பிள்ளைக்கோ ஏற்பட்ட காயம், சேதம் அதனால் குறையவில்லை. மறு வருடம் பிரான்ஸில் வந்த ஆய்வு இன்னும் உறுத்துகிறது. ஸ்கேன் பார்த்த பிரிவில்தான் ஆயுதமும் சிசேரியனும் அதிகம். "தலை மல்லாந்திருக்கு" என்று கண்ணால் பார்த்துவிட்டால் கை சும்மா இருப்பதில்லை. விட்டிருந்தால் அதுவே திரும்பியிருக்கும். ஆக, இந்தக் கருவி சிசேரியனைக் குறைத்துவிடும் என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள். அப்படி நிரூபிக்கப்படவில்லை.

நம் மாநிலத்தில் அந்தக் கணக்கு சாதாரணமானதும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 64. இந்திய சராசரி 22கூட இல்லை. வீட்டுப் பிரசவம் என்பதே ஏறக்குறைய ஒழிந்து, நூற்றுக்கு நூறு ஆஸ்பத்திரிப் பிரசவம் என்ற நிலைக்கு வந்தது நம் மாநிலத்தின் பெருமை. பாதிக்குப் பாதி கத்தி என்பது அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு வந்த கேள்வி.

அப்படியானால் இந்தக் கருவியால் நம் ஊருக்கு என்ன பிரயோஜனம்? என் கருத்தில், எப்போது அனுப்புவது என்கிற முடிவுக்கு. ஆத்தூர்ப் பக்கமோ, சேந்தமங்கலம் பக்கமோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணி. பணியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். வலி வந்து பத்து மணி நேரமான ஒரு பெண். ஆத்தூரிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். கொல்லிமலை என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு வேறு. 2008ல் 108 வந்த பிறகு வண்டிக்குத் தவிக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் வண்டியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்கிற முடிவு அந்த நர்ஸம்மா தலையில்தான். சீக்கிரம் அனுப்பினால் "எதுக்கும்மா இதையெல்லாம் அனுப்பறீங்க" என்று அங்கே ஏச்சு. தாமதித்தால் வண்டியிலேயே ஆபத்து.

இந்த முடிவுக்கு உதவத்தான் 1972ல் இன்றைய ஜிம்பாப்வேயில் ஃபில்பாட், காஸில் என்ற இரண்டு டாக்டர்கள் பார்டோகிராம் என்ற வரைபடத்துக்கு எச்சரிக்கைக் கோடும் நடவடிக்கைக் கோடும் போட்டார்கள். தொலைவிலிருக்கும் மருத்துவச்சிகள் எப்போது அனுப்ப வேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நாம் குவாலிட்டி கண்ட்ரோலில் போடும் கண்ட்ரோல் சார்ட் இருக்கிறதே, அச்சாக அதேதான். 2020ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்திப் புதுப் படிவம் கொடுத்தது. ஆனால் படிவத்தில் புள்ளி வைப்பது இன்றும் விரல் சொல்லும் அளவை வைத்துத்தான். அந்தப் புள்ளி சரியான புள்ளியாக விழுந்தால் நர்ஸம்மாவுக்கு எவ்வளவு தெம்பு!

நார்வேயில் மருத்துவச்சிகளே ஸ்கேன் பார்க்கிறார்கள். நம் நர்ஸம்மா பார்க்க முடியாது. சட்டம் விடாது. ஏன் விடாது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், காரணம் நம் மாவட்டமே.

சேலம் என்றால் வெளியூர்க்காரனுக்கு மாம்பழம், ஸ்டீல் பிளாண்ட். மக்கள்தொகைக் கணக்கு படிப்பவர்களுக்கு 849. 1991 கணக்கெடுப்பில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது சேலத்தில். 1997ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001ல் சேலம் 851, மாநில சராசரி 942. பத்து வருடத்தில் இரண்டே இரண்டு கூடியது. 2011ல்தான் 900ஐத் தாண்டியது. கள்ளிப்பாலும் நெல்மணியும் செய்த வேலையை இடையில் ஸ்கேன் மிஷினும் செய்தது. நாசூக்காகச் சொல்ல வழியில்லை, மன்னிக்கவும். மேடைக்கு எதிரே தங்கைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா காலத்து, உங்கள் காலத்து எண்கள் இவை.

அதனால்தான் 1994ல் சட்டம் போட்டு, 1996 ஜனவரியிலிருந்து அமலாக்கி, 2003ல் திருத்தி இறுக்கினார்கள். மிஷின் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். கர்ப்பிணி யாரைப் பார்த்தாலும் படிவம் எஃப் எழுத வேண்டும். தகுதியும் பயிற்சியும் உள்ள டாக்டர் மட்டும்தான் பார்க்கலாம். கையில் எடுத்துக்கொண்டு போகும் மிஷினுக்கு 2012ல் தனியாகக் கட்டுப்பாடு வந்தது. விளைவு, பல இடங்களில் மிஷின் ஸ்கேன் அறையில் பூட்டிக் கிடக்கும், பிரசவம் வேறு கட்டிடத்தில் நடக்கும்.

"பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு ஆணா பெண்ணா பார்த்து என்ன ஆகப்போகிறது? அதற்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தலாமே" என்று டாக்டர் நண்பர்கள் சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டில் இருக்கிற அதே 3.5 மெகாஹெர்ட்ஸ் புரோப், காலை பத்து மணிக்கு நாலாம் மாதக்காரியின் வயிற்றின் மேலும் வைக்கப்படலாம். மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. 851 என்ற எண்ணைப் பார்த்த ஊர்க்காரன் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்ல மாட்டான்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இங்கேதான் நம் பழைய பெட்டி வருகிறது. மேலே சொன்ன இரண்டாவது அளவை யோசியுங்கள். தோலிலிருந்து மண்டையோட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்? ஒரே ஒரு எண். அதற்குப் படமே தேவையில்லை! ஒற்றைக் கற்றை ஒலி போய், முதல் கெட்டியான எதிரொலி வந்தால் போதும். வெல்டிங்கில் நாங்கள் இன்றும் பயன்படுத்தும் ஏ-ஸ்கேன் அதுதான். இயன் டொனால்ட் 1955ல் ஆரம்பித்ததும் அதிலேதான். ஒரு கோடும் சில மேடுகளும்தான் தெரியும். ஆணா பெண்ணா என்று அதில் பார்க்கவே முடியாது. பூட்டுப் போட வேண்டியதை மென்பொருளில் போடாமல் பௌதிகத்திலேயே போட்டுவிடுகிறோம். மென்பொருள் பூட்டை உடைக்க ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு பையன் இருப்பான், பௌதிகத்தை உடைக்க ஆள் இல்லை.

சுலபம் என்று சொல்லவில்லை. படம் இருந்தால் மிகக் குறைந்த தூரம் எங்கே என்று கண்ணால் தேடிப் பிடிக்கலாம், ஒற்றைக் கற்றையில் புரோபைச் சாய்த்துச் சாய்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் அளவு குறையும். ஆகவே அழுத்தத்தை அளக்க ஒரு லோட் செல் வேண்டும். முதல் எதிரொலி எலும்பா, வேறெதுவுமா என்று பிரித்தறிய வேண்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இது சொல்லாது. சட்டத்தைப் பொறுத்தவரை, பாலினம் கண்டறிய வல்ல கருவிகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. ஆனாலும் இது அதில் சேருமா சேராதா என்று உரிய அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. 2017ன் மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன, ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு இருக்கிறது. இவற்றைத் தாண்டித்தான் ஒரு பெண்ணின் பக்கத்தில் போக முடியும். அதற்குச் சில வருடங்கள் ஆகும். ஆகட்டும்.

படம் வழியாகக் கோணத்தைக் கம்ப்யூட்டரே அளக்கும் வேலையில் சீனாவில் குவாங்ஜோவில் உள்ள ஜினான் பல்கலைக்கழகத்தார் முன்னே நிற்கிறார்கள். பிரசவ நேர ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிகள் அதைத் தேடி எடுத்துப் பழகலாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் தம்பி தங்கைகளுக்கு வேறு வேலை. லியோன்காரர்கள் செய்த மாதிரி ஒரு பொம்மை வேண்டும். திரி-டி பிரிண்டரில் இடுப்பெலும்பும் மண்டையோடும், நடுவே ஜெல், உச்சந்தலை வீக்கத்துக்குப் பதில் ஒரு நீர்ப்பை. தலை எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறது என்று ஸ்கேலில் அளந்துவிட்டு, ஏ-ஸ்கேன் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிழை மூன்று மில்லிமீட்டருக்குள் வருகிறதா என்பது முதல் கேள்வி. நீர்ப்பையைப் பெரிசாக்கினால் என்ன ஆகிறது என்பது இரண்டாவது.

துறைத்தலைவர் ஐயாவிடம் நேற்றே பேசிவிட்டேன். நான் எட்டு வருடமாக டேங்கர்களில் உபயோகித்த ஏ-ஸ்கேன் பெட்டி ஒன்றும், இரண்டு புரோபும், அளவு சரிபார்க்கும் இரும்புக் கட்டையும் காரில் கொண்டுவந்திருக்கிறேன். புரோப் கேபிள் ஒன்று கொஞ்சம் லூஸ், சாலிடர் வைத்துக்கொள்ளுங்கள். கட்டையையும் பொம்மையையும் தவிர வேறெதன் மேலும், யார் மேலும் அதை வைக்கக் கூடாது என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். மதியம் லேபில் வைத்துவிட்டுப் போகிறேன். சாவி லேப் உதவியாளர் அண்ணனிடம் இருக்கும்.